தொட்டி இருந்த இடத்தில் அக்கா

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நாங்கள் குடும்பமாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். கீழராஜ வீதியில் ஒரு ஸ்டூடியோ. அப்பாவும் அம்மாவும் நாற்காலியில். பின்னால் நானும் அக்காவும். அக்கா என் தோளைச் சுற்றிக் கை போட்டிருந்தாள். எனக்குப் பத்து வயது, அவளுக்குப் பதினேழு.

நாலு வருஷம் கழித்து, திருச்சியில் டீச்சராகச் சேர்ந்திருந்த அக்கா கூட வேலை பார்த்த ஒருவரை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் வேறு சாதி. அப்பா சத்தம் போடவில்லை. சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றி ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனார். அது திரும்பி வந்தபோது அக்கா நின்ற இடத்தில் உயரமான ஸ்டாண்டும் அதன்மேல் குரோட்டன்ஸ் தொட்டியும் இருந்தன. வரைந்தவர் கெட்டிக்காரர். இலைகளின் நிழல்கூடச் சரியாக விழுந்திருந்தது. என் தோளில் தெரிந்த நாலு விரல்களை மட்டும் அவர் அழிக்கவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியாது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பிறகு நான் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர் ஆனேன். அக்காவுக்கும் எனக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்து டிராயிங் டீச்சர்கள் ஐந்து பேர் சேர்ந்து பள்ளி ஹாலில் ஒரு கண்காட்சி வைத்தோம். ஏற்கெனவே இருக்கிற ஒரு படத்தை ஆளுக்கொன்றாக எடுத்து மறுபடி வரைய வேண்டும் என்று ஏற்பாடு. ஆவூர்க்காரர் ஒருவர் காலண்டர் மாதாவைச் சேற்றுக் காலோடு வயலில் நிறுத்தினார். நான் எங்கள் போட்டோவைப் பெரிதாக ஆயில் பெயின்டில் வரைந்தேன். தொட்டியை எடுத்துவிட்டு, அந்த விரல்களிலிருந்து தொடங்கி அக்காவை வரைந்தேன். முகத்துக்கு அம்மா ஒளித்துவைத்திருந்த ஒரு ஸ்கூல் குரூப் போட்டோ உதவியது.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் அவரே வந்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லாப் படத்தையும் வரிசையாகப் பார்த்தார். என் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"சேலைக்கு நீலம் அடிச்சிருக்கே. அது பச்சை," என்றார்.

"போட்டோவுல கலர் தெரியலையேப்பா."

"சேலையை எடுத்துக் குடுத்தவன் நான். எனக்குத் தெரியாதா?" குடையைக் கை மாற்றிக்கொண்டு, "அவ இதைப் பாத்தாளா?" என்று கேட்டார்.

"எழுதினேன். நீங்க கூப்பிடாம இந்த ஊருக்கு வரமாட்டேங்கிறா."

"அட்ரஸ் என்ன?"

கண்காட்சி நோட்டீஸின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நீலத்தை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை; படத்துக்கு அது பொருந்தித்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அப்பா வெளியே கிளம்பினார். எங்கே என்று அம்மா கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"திருச்சி பஸ்ஸுல சரியான கூட்டம். கீரனூர் வரைக்கும் நின்னுக்கிட்டே போனேன்," என்றார்.

"பிள்ளைக யாரு சாடை?" என்று கேட்டாள் அம்மா.

"பெரியவன் ஒன்னைய மாதிரி," என்றார் அப்பா.