ஐசக் மாமாவின் அக்டோபர் கடிதம்

1942 அக்டோபர் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு ஹெர்மன் டெர்க்சன் பால் வண்டியின் பின்பக்கம் ஏறி, கேன்களுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்து ரயிலடிக்குப் போனார். இதைச் சொல்லும்போதெல்லாம் ஐசக் மாமா தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் முன்சக்கரத்துக்கு அருகே குனிந்து, நட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் திருகிப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நட்டுகள். விரலுக்கெல்லாம் அவை அசையாது என்று அவருக்கே தெரியும். "அசையலைன்னு தெரிஞ்சுக்கத்தாம்மா தொடறேன்" என்பார்.

ஹெர்மன் அவருடைய பெரியப்பா. ஹெர்மன் புறப்பட்டுப் பதினான்கு வருஷம் கழித்துத்தான் மாமா பிறந்தார். ஆனாலும் வாசலில் நின்று பார்த்தவர் போலச் சொல்வார். வயலில் சர்க்கரை காய்ச்சும் பீட்ரூட் கிழங்கு பறிக்கிற நாள். புல்லில் முதல் உறைபனி. கையில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. தாயார் வெளியே வரவில்லை. வழியனுப்ப நின்றது மாமாவின் அப்பா மட்டும், அப்போது பதிமூன்று வயது. அவரிடம் ஹெர்மன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "மாட்டுக்கு உப்புக்கட்டி தீந்துபோச்சு, அப்பாகிட்ட சொல்லிடு."

எங்கள் சபையில் ஆயுதம் தொடுவது பாவம். மற்ற வீட்டுப் பையன்கள் போருக்குப் பதிலாகக் காட்டில் மரம் வெட்டவும் சாலை போடவும் போனார்கள். ஹெர்மன் குண்டு போடும் விமானம் ஓட்டப் போனார். அடுத்த ஆண்டே சபை உறுப்பினர் புத்தகத்தில் அவர் பெயரின் மேல் கோடு விழுந்தது. கோடு போட்ட மூப்பர், ஹெர்மனின் சொந்தத் தாய்மாமன்.

ஏழு வருஷம் நாடு நாடாக அலைந்துவிட்டு வந்த நான், ஐசக் மாமா வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறேன். அவர் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். பள்ளியில் எனக்கு உதவியாளர் வேலை. சொந்தக் கார் இல்லாததால் தினமும் அவர் பேருந்திலேயே போய் வருகிறேன். வாரம் ஒருமுறையாவது கேட்பார்: "ஏம்மா ஹில்டி, பாஸ்போர்ட் எப்ப காலாவதி ஆகுது?" நான் போய்விடுவேனோ என்ற பயம். போவதாக இருந்தால் காலாவதியான பாஸ்போர்ட்டோடு போய் எங்காவது மாட்டிக்கொள்வேனோ என்ற பயமும் கூட.

மாமாவுக்கு வயது அறுபத்தெட்டு. நெட்டையாக, ஒல்லியாக, கொஞ்சம் முன்னால் சாய்ந்த உருவம். விதைக் கடையில் கொடுத்த தொப்பி. வாயின் இடது ஓரத்தில் எப்போதும் சூரியகாந்தி விதை. பல்லிடுக்கில் உடைத்து, பருப்பை நிறுத்திக்கொண்டு, தோலைக் காபிக் கோப்பைக்குள் துப்புவார். சாலையில் பனிப்புகை கிளம்பினால் துப்புவது நின்றுவிடும்; தோலோடு விழுங்கிவிடுவார். கோப்பையைப் பார்த்தே அன்றைய சாலை எப்படி இருந்தது என்று அத்தை சொல்லிவிடுவாள்.

பிள்ளைகள் இறங்கியதும் ஓட்டுநர் பேருந்தின் கடைசிவரை நடந்து போய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஹாரன் அலறும். யாரும் உள்ளே தூங்கிப்போய் விடுபட்டுவிடக் கூடாதே என்பதற்கான ஏற்பாடு. மற்ற ஓட்டுநர்கள் ஓடிப்போய் அழுத்திவிட்டு ஓடி வருவார்கள். மாமா ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டே போய் அழுத்துவார். முன்னால் வந்து உட்காருவார். சாவியில் கை வைப்பார். பிறகு எழுந்து மறுபடியும் போவார். பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "டெர்க்சன் சார், அப்படியே என் கணக்கு மார்க்கும் அங்க கெடக்குதான்னு பாருங்க." மாமா சிரிக்கவில்லை. "எந்த சீட்டும்மா?" என்றார்.

ஹெர்மனின் படம் அவர்கள் வீட்டுச் சுவரில் இல்லை. சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் இருக்கிறது. சீருடையோடு இருக்கும் படத்தை எங்கள் ஊரில் யாரும் கூடத்தில் மாட்ட மாட்டார்கள். இருபத்திரண்டு வயது முகம், காது இரண்டும் கொஞ்சம் விடைத்து. "காபித்தூள் எடுக்கலாம்னு தெறந்தா உங்க பெரியப்பா முழிச்சுப் பாக்குறாரு" என்பது எல்வீரா அத்தையின் நிரந்தரப் புகார். நவம்பர் வந்தால் மாமாவுக்கு இன்னொரு சிக்கல். பட்டணத்தில் எல்லாரும் போரில் இறந்தவர்களுக்காகச் சிவப்புப் பாப்பிப் பூ குத்திக்கொள்கிறார்கள். எங்கள் சபையில் அதற்குப் பதில் சமாதான வாசகம் எழுதிய பேட்ஜ் தருகிறார்கள். எதைக் குத்தினாலும் யாருக்கோ துரோகம். "ரெண்டையும் கோட்டுக்கு உள்பக்கமா குத்திக்கோங்க, போங்க" என்று அத்தை கேலியாகச் சொன்னாள். அவர் அப்படியே செய்தார். இப்போதும் செய்கிறார்.

ஹெர்மனின் விமானம் 1944 டிசம்பரில் விழுந்தது. அதில் ஏழு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் குதித்துப் பிழைத்தார்கள். ஹெர்மனின் உடல் கிடைத்தது. விமானத்தின் வாலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவர் ரோரி கில்லிஸ், பத்தொன்பது வயது, எங்கள் நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கும் கேப் பிரெட்டன் தீவுக்காரர். அவர் வீட்டுக்குப் போன தந்தியில் 'காணவில்லை' என்று மட்டும் இருந்தது. அவரும் இறந்துவிட்டார் என்பது பல மாதம் கழித்துத்தான் உறுதியானது. பிழைத்தவர்களில் ஒருவர் போர் முடிந்ததும் ஹெர்மனின் வீட்டுக்கு எழுதினார்: குதிக்கச் சொல்லி ஹெர்மன் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டது, வாலிலிருந்து மட்டும் பதில் வரவில்லை.

மாமாவுக்கு அந்த வரி மனப்பாடம். "எத்தனை தடவை கூப்பிட்டாரு? அதை எழுதலையே அந்த மனுஷன். ஒரு தடவை கூப்பிட்டுட்டு விட்டுட்டாரா? பின்னாடி ஒரு பையன் உக்காந்திருக்கான்னு ஞாபகம் இருந்துச்சா, இல்லையா?"

"அவரும்தான் குதிக்கலையே மாமா" என்றேன் ஒருமுறை.

"அது அந்தப் பையனோட அம்மாவுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கடிதம் இருக்கிறது. ஒரே விமானத்தில் போனவர்களின் வீட்டு முகவரிகளை விமானப்படை எல்லா வீட்டுக்கும் அனுப்பிவைத்தது. 1945 ஜனவரியில் ஹெர்மனின் தாய், ரோரியின் தாய்க்குக் கடிதம் எழுதினார். அவருக்கு எழுதத் தெரிந்தது ஜெர்மன் மட்டும். நான் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்று மகள் சொன்னபோது, "துக்கம் கேக்குற கடுதாசி இன்னொருத்தி கையெழுத்துல போகக் கூடாது" என்று மறுத்துவிட்டார். உறையின் மேல் மட்டும் மாமாவின் அப்பா ஆங்கிலத்தில் முகவரி எழுதி, அவரே தபாலில் போட்டார். போர் நடந்துகொண்டிருக்கிறது. மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்கு ஜெர்மன் மொழியில் கடிதம் போகிறது. அது அங்கே எப்படிப் போய் இறங்கும் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது ஜெபம் செய்கிற மொழி. எதிரியின் மொழி என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பதில் வரவில்லை. இருபது வருஷம் கழித்து, கோதுமை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மாமாவின் அப்பாவுக்கு அது திடீரென்று உறைத்ததாம். அள்ளும் வாரியைக் கீழே வைத்துவிட்டு வயலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அந்த அக்டோபரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். அதன்பிறகு ஒவ்வொரு அக்டோபரும் எழுதினார். அவர் காலத்துக்குப் பிறகு ஐசக் மாமா எழுதுகிறார்.

அக்டோபருக்குக் காரணம் உண்டு. இலையுதிர் காலத் திருவிருந்து, சபையார் எல்லாரும் அப்பம் பகிரும் ஆராதனை, அந்த மாதத்தில்தான். உன்மேல் யாருக்காவது மனக்குறை இருந்தால் போய்ச் சமாதானம் செய்துவிட்டு வா, பிறகு அப்பத்தைத் தொடு என்பது எங்கள் சபை வழக்கம். இன்றைக்கு இதை யாரும் அவ்வளவு கறாராக எடுத்துக்கொள்வதில்லை. ஹெர்மனின் தாய் எடுத்துக்கொண்டார். சாகும்வரை அப்பம் தொடவில்லை. மகனும் தொடவில்லை. பேரனும் தொடுவதில்லை. தட்டு வரிசையாக வரும். ஐசக் மாமா அதை இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைப் பார்க்காமல் அத்தையிடம் கொடுத்துவிடுவார். அத்தை ஒரு துண்டு எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குக் கொடுப்பாள். "இவருக்கு எங்கயோ இன்னொரு குடும்பம் இருக்குன்னு ஊரே நெனைச்சுக்கிட்டிருக்கு" என்பாள் வெளியே வந்ததும்.

எங்கள் போதகர் மார்கிரெட் சென்ற வருஷம் அவரைக் கார் நிறுத்தும் இடத்தில் பிடித்துக்கொண்டார். "ஐசக் அண்ணே, ரோரியோட அம்மா போய்ச் சேர்ந்தே நாப்பது வருஷம் ஆகியிருக்கும். யாருகிட்ட சமாதானம் கேக்குறீங்க?"

"கடுதாசி திரும்பி வந்தா விலாசம் தப்புன்னு விட்டுடுவேன் பாஸ்டர். ஒண்ணுகூடத் திரும்பி வரலையே. யாரோ கையில வாங்குறாங்க. வாங்கி வச்சுட்டுப் பதில் போட மாட்டேங்கறாங்கன்னா, என்ன அர்த்தம்?"

போதகர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சென்ற செப்டம்பரில் மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். பேருந்தை வேறொருவர் ஓட்டினார். அவர் கடைசி இருக்கைவரை போகிறாரா என்று படுக்கையிலிருந்தபடியே என்னிடம் தினமும் விசாரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு புதிய கவலை ஒன்று முளைத்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிறு பிற்பகலில் பன்னும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டிருந்தபோது கேட்டார்: "எனக்கப்பறம் இதை யாரு எழுதுவா?" கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவளைப் பாக்காதீங்க" என்றாள் அத்தை. "அடுத்த மாசம் எந்த நாட்டுல இருப்பாளோ."

"எந்த நாட்டுலயும் தபாலாபீஸ் இருக்கும்ல?"

நான் ஜாம் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அந்த அக்டோபர் கடிதத்தின் உறையில், பின்பக்கம், முதன்முறையாகத் தொலைபேசி எண்ணையும் எழுதினார். எண் சரியா என்று பக்கத்து வீட்டிலிருந்து தன் வீட்டுக்கே ஒருமுறை போன் செய்து பார்த்துக்கொண்டார்.

இந்த ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடைக்குப் போய்த் திரும்பினோம். தொலைபேசியோடு இருக்கிற பழைய பதிவுப் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. மாமா பொத்தானை அழுத்தினார். நடுத்தர வயதுப் பெண்ணின் குரல்.

"ஐசக் டெர்க்சன் வீடுதானே? என் பேரு மோராக். கேப் பிரெட்டன்லேர்ந்து பேசறேன். ரோரி கில்லிஸ் எனக்குத் தாய்மாமா. எங்கம்மா, அவரோட தங்கச்சி, பிப்ரவரியில தவறிட்டாங்க. கவர் பின்னாடி இந்த நம்பர் இருந்துச்சு. இந்த மெஷின் எவ்வளவு நேரம் கேக்கும்னு தெரியலை, சீக்கிரம் சொல்லிடறேன்.

"அம்மாவோட டிராயர் பூரா உங்க வீட்டுக் கவர்தான். முதல் கடுதாசியைத் தவிர எதையும் பிரிக்கலை. அது வந்தப்ப அம்மாவுக்குப் பதினாலு வயசு. வீட்ல படிக்கத் தெரிஞ்சது அவங்க மட்டும்தான். பிரிச்சா முழுக்க ஜெர்மன். நடுவுல ரோரிங்கற பேரு மட்டும் தெரியுது. அண்ணன் உயிரோட இருக்கான், ஜெர்மன்காரங்க பிடிச்சு வச்சிருக்காங்க, அவங்கதான் எழுதியிருக்காங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. ஸ்டாம்ப் நம்ம ஊரு ஸ்டாம்ப். அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சாங்க, கவர்மென்ட் வாங்கி மாத்தி அனுப்பியிருக்கும்னு. பாட்டி அவருக்குக் காலுறை பின்ன உக்காந்துட்டாங்களாம். பதினோரு நாள். அப்பறம் காலேஜ்ல ஜெர்மன் தெரிஞ்ச ஒரு ஃபாதர் படிச்சுச் சொன்னாரு."

பின்னணியில் எங்கோ நாய் குரைத்தது. அந்தப் பெண் அதை அதட்டிவிட்டுத் தொடர்ந்தாள்.

"அந்தக் கடுதாசி எழுதின அம்மா நல்ல மனசோடதான் எழுதியிருக்காங்க. அது எனக்குப் புரியுது. அந்த பைலட்டை எங்க வீட்ல யாரும் குறை சொன்னதில்லை. உண்மையைச் சொன்னா, அவரைப் பத்திப் பேசினதே இல்லை. ஆனா அக்டோபர்ல உங்க கவரைப் பாத்தா அம்மா ரெண்டு நாள் சாப்பிட மாட்டாங்க. தூக்கிப் போடவும் மனசு வராது, திருப்பி அனுப்பவும் மாட்டாங்க. அதனால இனிமே எழுத வேண்டாம். கோவமாச் சொல்லலை. போதும்னு சொல்றேன், அவ்வளவுதான். உடம்பைப் பாத்துக்குங்க."

பெட்டி ஒருமுறை கிளிக் என்று ஓய்ந்தது. அத்தையின் கையில் முட்டை அட்டை அப்படியே இருந்தது.

"பதினோரு நாள்" என்றார் மாமா. "அப்பாதான் தபால்ல போட்டாரு" என்றார்.

பிறகு தொப்பியைக் கழற்றாமலே மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலே தேதி போட்டார். 'அன்புள்ள மோராக்' என்று எழுதினார்.

"என்னங்க பண்றீங்க?"

"ரெண்டே வரி. மன்னிச்சுக்குங்கன்னு."

"ஐசக்" என்றாள் அத்தை. அதுவரை அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அந்தப் பொண்ணு இப்பதானே சொல்லிச்சு?"

மாமா பேனாவை மூடிக் கீழே வைத்தார். தாள் அவர் முன்னால் இருந்தது. வலது கை மெதுவாகப் பேனாவை நோக்கிப் போனது. அதைப் பார்த்துவிட்டு இடது கையால் பிடித்து இழுத்துக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் நுழைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.