மதிலுக்கு வெளியே ஒரு பெருக்கல் குறி

“தலை எண்ண மட்டும் வருசா வருசம் வந்துபோடறீங்க. அவரு வாந்திபேதியில கெடந்து சாமியாரக் கூப்புடு, சாமியாரக் கூப்புடுன்னு தவிச்சப்ப யாருங்க வந்தீங்க?”

அருளாயி இப்படிக் கேட்டபோது என் கையில் நோட்டும் பென்சிலும் இருந்தன. காவேரிக்கரையில் ஒரு நெசவாளர் ஊர். அவள் புருஷன் சூசை செத்து இருபது நாள் ஆகியிருந்தது. கோயிலுக்காக ஆத்துமக் கணக்கு, அதாவது கிறிஸ்தவர் தலைக்கணக்கு, எடுப்பது சம்பளமில்லாத உத்தியோகம். வசவு மட்டும் தவறாமல் கிடைக்கும். சபை, சங்கம் என்று யாருக்காவது தலையாட்டிவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கிய சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது யுத்த காலம். ஒரு பங்கு, அதாவது ஒரு சாமியாரின் கீழ் வரும் கோயிலும் ஊர்களும், தன் மக்களுக்கு எவ்வளவு நன்றாக ஊழியம் செய்கிறது என்று அளக்க, மேற்றிராணியாரான பிஷப்பின் அரண்மனையிலிருந்து வருஷத்துக்கொரு இங்கிலீஷ் படிவம் வரும். ஞானஸ்நானம் எத்தனை, பாஸ்கா என்கிற ஈஸ்டருக்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தவர் எத்தனை, சாகும் தறுவாயில் எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசியது எத்தனை தடவை. நான் கான்வென்டில் படித்த குற்றத்துக்காகப் பங்குச் சாமியார் அதை என் தலையில் கட்டினார். “அடுப்படி வேலை முடிந்தால் உனக்கு வேறென்னம்மா வேலை?” என்றார்.

குறையே இல்லாத வீடு

டவுனில் கோயிலுக்கு எதிர் வீடு ஜவுளிக்கடைக்காரருடையது. அவர் சம்சாரம் மோர் கொடுத்து உட்கார வைத்தாள். மாமியாருக்கு நெஞ்சில் சளி கட்டினால் போதும், சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்துவிடுவாராம். அந்த வருஷம் மூன்று தடவை அவஸ்தை பூசப்பட்ட அந்த அம்மாள் எனக்கு எதிரே உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள். படிவம் ஆளைக் கேட்கவில்லை, தடவையைத்தான் கேட்டது. மூன்று என்றே எழுதினேன்.

வேறு ஏதாவது குறை உண்டா என்று கேட்டதற்கு மருமகள் நிஜமாகவே யோசித்தாள். “என்னத்தச் சொல்றதுங்க, பூசை மணிதான் கொஞ்சம் காதுக்குப் பக்கமா இருக்குது.”

சீட்டு

பாவசங்கீர்த்தனம் செய்தவருக்கு ஒரு அட்டைச் சீட்டு கொடுப்பார்கள். பாஸ்காப் பூசையில் நன்மை என்கிற அப்பத்தை வாங்கும்போது அதைத் திருப்பித் தர வேண்டும். திரும்பி வந்த சீட்டுகளை, சாமியாருக்குக் கீழே ஊர்களைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் எண்ணுவார். பங்கின் பக்திக்கு அதுதான் அளவு.

சூசை சாவதற்கு முந்தின வருஷம், பாஸ்காவுக்கு முன் வரும் தபசுக்காலம் முழுக்க அருளாயி ஊருக்குச் சாமியார் போகவில்லை. ஒரே ஆள், பதினோரு கிராமம், டயர் கிழிந்த சைக்கிள். யுத்தத்தில் டயருக்கு எங்கே போவார்? சாமியார் போகாத ஊரில் சீட்டு ஏது? ஆனால் சீட்டு இல்லாத பெயருக்கு எதிரே பெருக்கல் குறி போடு என்றது படிவம். தெரு முழுக்கப் போட்டுக்கொண்டு போனேன். சூசை தறிக்குழியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தான். “அந்தக் குறிக்குப் பக்கத்துல ஒரு வரி எழுதிக்குங்க அம்மா. சாமியார் வந்தா, வருசத்துப் பாவம் பூராத்தையும் ஒரே மூச்சுல சொல்லிப்போடறேன்.”

ரப்பர்

சூசைக்கு வாந்திபேதி கண்டதும் அருளாயியின் அண்ணன் பன்னிரண்டு மைல் நடந்து டவுனுக்கு வந்தான். சாமியார் அப்போது ஜவுளிக்கடை வீட்டில் இருந்தார். மூன்றாவது தடவை பூசியது அன்றைக்குத்தான். அவர் மாட்டு வண்டி பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் சூசை போய்விட்டான். சாமியார் வரும்வரை பேதிப் பிணத்தை வைத்திருக்க முடியாது. உபதேசியார் அப்போது தன்னிடம் இருந்த என் இதே நோட்டில் போன வருஷப் பக்கத்தைப் புரட்டினார். பாஸ்கா கடமை செய்யாதவனுக்கு மந்திரித்த மண் கிடையாது என்று சட்டம் பேசினார். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே, கள்ளிப் புதரை ஒட்டிப் புதைத்துவிட்டார்கள்.

அருளாயி இதைச் சொல்லி முடித்ததும், “அந்தக் குறியைப் போட்டது நான்தான்” என்றேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். “அழிச்சுப்போடுங்க அப்ப. பென்சில்லதானுங்களே போட்டீங்க?”

காலிக் கட்டம்

அழித்தேன். பிறகு சாமியாரிடம் போனேன். மனிதர் குளிர்காய்ச்சலில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். ‘அவஸ்தை பூசாமல் இறந்தவர்’ என்ற கட்டத்தைக் காட்டி, ஒன்று என்று எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “வெளியே புதைத்தவன் பங்குக் கணக்கில் வரமாட்டான் அம்மா. சைபர் போடு.”

எங்கள் பங்கு குறையில்லாத பங்கு என்று பெயர் வாங்கியது இப்படித்தான்: யாருக்கு ஒன்றும் செய்யவில்லையோ அவர்களை மதிலுக்கு வெளியே வைத்துவிட்டு, மிச்சப்பேரை எண்ணினோம்.

ஒன்று என்றே எழுதினேன், மையில். அடியில் இருந்த காலி இடத்தில், கான்வென்ட் மதர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில், மேற்றிராணியாருக்கு ஒரு விண்ணப்பமும் எழுதினேன். அதற்குப் பிறகும் இரண்டு படிவங்கள் வந்தன. இரண்டிலும் அதையே எழுதினேன். பதில் இல்லை. தமிழில் எழுதினால் யாருக்காவது எட்டுமோ என்னவோ, இங்கேயும் எழுதிவைக்கிறேன்: சூசையை உள்ளே கொண்டுவர முடியாதென்றால், அந்த மதிலையாவது ஆறடி தள்ளிக் கட்ட உத்தரவு தாருங்கள், மேற்றிராணி ஆண்டவரே.