கல் செய்த பிழை

என் மகள் பிழை விடவில்லை. கல்தான் விட்டது. இதை ஒஸ்லோவில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

மகள் பையன்களும் பெண்பிள்ளைகளும் கலந்து ஆடும் பேஸ்போல் அணியில் விளையாடுகிறாள். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நின்று பந்து மறிப்பது அவள் வேலை. பந்து எறிகிறவள் அவளுடைய தோழி. ஆட்டத்தைப் பதிவு செய்கிறவர் அந்தத் தோழியின் தகப்பன். கிளப்பில் எல்லா வேலையும் பெற்றோர் தலையில் என்பதால் இதை யாரும் கேட்பதில்லை.

அன்று கடைசி இன்னிங்ஸ் வரை எதிரணியில் ஒருத்தராலும் முதல் பேஸுக்குப் போக முடியவில்லை. கிரிக்கெட்டில் ஒரு மெய்டன் ஓவருக்கே கைதட்டுவோம். இது ஆட்டம் முழுக்க மெய்டன் போட்ட மாதிரி. அப்படியே முடிந்தால் ‘பெர்ஃபெக்ட் கேம்’. ஆயுளில் ஒருமுறை வந்தாலே பெரிது. அது நடக்கும்போது அதைப் பற்றி வாய் திறந்தால் கெட்டுவிடுமாம். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இன்னும் இரண்டு பேரை வெளியேற்றினால் முடிந்தது. அடுத்தவன் அடித்த பந்து தரையோடு மகளிடம் வந்தது. குனிந்து கை வைத்தாள். பந்து ஒரு கல்லில் பட்டு எகிறி, அவள் தோளில் அடித்துவிட்டு ஓடிப்போனது. அடித்தவன் பேஸுக்குப் போய்விட்டான்.

பெர்ஃபெக்ட் கேம் போயிற்று. ஆனால் ‘நோ-ஹிட்டர்’ மிச்சம் இருந்தது. அந்தப் பந்தை ‘ஹிட்’, அதாவது அடித்தவன் தன் அடியாலேயே பேஸ் எடுத்தது என்று எழுதினால் தோழிக்கு அதுவும் இல்லை. மகளின் பிழை என்று எழுதினால், ஒரு ஹிட்டும் கொடுக்காத பெருமை தோழிக்கு. கல்லில் பட்டு அப்படி எகிறினால் ஹிட்தான், விதி அது. தோழியின் தகப்பனோ, ‘பிழை’ என்று எழுதினார்.

வேறு ஹிட் இல்லாமல் ஆட்டம் முடிந்ததும் தோழியைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். என் மகள் தோளில் ஐஸை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கல் ஏன் அங்கே கிடந்தது என்று எனக்குத் தெரியும். வசந்தத்தில் மைதானம் துப்புரவாக்க ‘டுக்னாட்’ வைத்தார்கள். ஊரில் சிரமதானம் என்போமே, அதுதான். பாதி வேலையில் இதே மனிதர், வாஃபிள் ஆறப்போகிறது, வாருங்கள் என்று கூப்பிட்டார். எல்லாரும் குப்பைவாரியைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

நான் அந்தக் கல்லைத் தேடி எடுத்து அவர் மேசையில் வைத்தேன். பிழையை இதன் பேரில் எழுதுங்கள் என்றேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

“அம்மா, வாங்கோ போவம்,” என்றாள் மகள்.

“நீ பிழை விட்டனியோ?”

“இல்லை. அவர் என்னட்டைக் கேட்டவர். நான்தான் பிழை எண்டு போடச் சொன்னனான். அவளுக்கு இது திரும்ப வராதம்மா.”

“உன்ர பேரிலை விழுந்தது மட்டும் போயிடுமோ?”

“ஒரு பிழைதானே. எனக்கு இன்னும் கனக்க வரும்.”

அவர் கேட்டிருக்கவே கூடாது. தோழி பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு பிள்ளையிடம் அப்படிக் கேட்டால் அவள் வேறென்ன சொல்வாள்?

அடுத்த ஆட்டத்துக்கு நேரத்தோடு போய், மகள் நிற்கும் இடத்தை வாரினேன். அவர் வாஃபிள் தட்டோடு வந்தார். வேலை முடியவில்லை என்றேன்.