இடுப்பை அளக்க வாங்க, ஆன்ட்டி

போனில் ஆளை வரவழைக்கும் வேலையில் முதலில் தேய்வது நாக்குதான். அந்த வேலை பார்த்து நொந்த கூட்டாளிகளே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடிந்ததும் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் ஒரு டாக்டரம்மாவிடம் சேர்ந்தேன். ரப்பர் தோட்டத்தில் உழைத்த பெண்களுக்கு வயதான பின் எலும்பு எப்படித் தேய்கிறது என்பது அவர் ஆராய்ச்சி. ஒருமுறை இடுப்பையும் முதுகையும் ஸ்கேன் எடுத்தவர்கள் அடுத்த வருஷமும் வர வேண்டும். வராவிட்டால் கட்டுரை வெளிவராது, டாக்டரின் உழைப்பு அத்தனையும் வீண். அவர் ஸ்கேன் அறையில். நான் ஜன்னலில்லாத பக்கத்து அறையில், போனோடு.

யார் குரல்?

எனக்கு எல்லார் குரலும் வரும். அப்பாவும் அம்மாவும் சிங்கப்பூரில் வேலை, சனிக்கிழமைதான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அம்மா குரலில் என்னை நானே திட்டிக்கொண்டுதான் சாப்பிடுவேன். ஆன்ட்டிகளோ என்னிடம் ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள், வருகிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் டாக்டரின் கரகரத்த குரலை எடுத்துவிட்டேன். சிம்பாங் ரெங்கம் ஊரிலிருந்து ஒரு ஆன்ட்டி பணிவாகக் கேட்டுக்கொண்டார். "சரிங்க டாக்டர், வர்றேன். போனை அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட குடுங்க லா, உங்ககிட்ட மருமகளைப் பத்திப் பேச முடியாது."

பலமான முதுகு

அதே ஆன்ட்டி வந்தார். திரையைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கீழ் முதுகெலும்பு இளவட்டத்துக்கு இருப்பதுபோல் அத்தனை அடர்த்தி! ஒரே வருஷத்தில் இப்படியா? விசாரித்தால் விஷயம் வேறு. ஸ்கேனுக்காகக் கைலி கட்டச் சொல்லியிருந்தோம். புடவையில் குத்தியிருந்த ஊக்குகள் தொலைந்துவிடுமென்று, அவற்றைக் கொத்தாகக் கைலியின் இடுப்பில் சொருகியிருந்தார். அந்த இரும்பையும் மெஷின் எலும்புக் கணக்கில் சேர்த்துவிட்டது. ஆன்ட்டிக்கோ கோபம். "நகையைத்தானே கழட்டச் சொன்னீங்க? ஊக்கு எப்பலேருந்து நகையாச்சு?"

கடைசி ஆள்

இன்னும் ஒருவர் வந்தால் போதும், கட்டுரைக்கு வேண்டிய ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். அவர் பாலோவில் தனியாக இருக்கும் பாக்கியம் ஆன்ட்டி. ஒரு நாள் மழை, ஒரு நாள் பூனைக்குக் காய்ச்சல், ஒரு நாள் பஸ் வரவில்லை. "நாளைக்குக் கூப்பிடு" என்பார். இந்த வாரத்தோடு சரி, அதற்குமேல் காத்திருக்க முடியாது என்றார் டாக்டர். என்னிடமிருந்த சரக்கையெல்லாம் இறக்கினேன்: டாக்டர், மலாய் நர்ஸ், பஸ் டிரைவர். விழுந்து விழுந்து சிரித்தார்; வரவில்லை. கடைசியில் சொந்தக் குரலில், "ஏன் ஆன்ட்டி இப்படிப் பண்றீங்க?" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வந்துட்டேன்னா உன் வேலை முடிஞ்சிரும்ல. அப்புறம் எனக்கு யாரு போன் போடுவா?"

கட்டுரை வந்தது

வேலை முடிந்தாலும் கூப்பிடுவேன் என்றேன். மறுநாளே வந்து படுத்து எழுந்து போனார். சில மாதம் கழித்து, கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வந்துவிட்டதென்று டாக்டர் எனக்கு அனுப்பினார். வீட்டில் காட்ட ஆளில்லை. பாக்கியம் ஆன்ட்டியைக் கூப்பிட்டேன்.

"என் பேரு போட்டிருக்கா?"

"யார் பேரும் இல்ல ஆன்ட்டி, எலும்புக் கணக்கு மட்டும்தான். ஆனா எல்லா நாட்டுலயும் படிப்பாங்க."

"அலமாக்! நான் ஜொகூரைத் தாண்டிப் போனதில்ல, என் இடுப்பு மட்டும் உலகம் சுத்துதா?"

எலும்புக்குப் பால், வெயில், நடை எல்லாம் வேண்டுமென்று கட்டுரையில் இருக்கிறது; தினம் ஒரு போனும் வேண்டாமா என்று டாக்டரைக் கேட்டேன், அதை அளக்க மெஷின் இல்லையாம்.