பைக்கின் வாலில் வந்த சீர்

நாற்பத்தெட்டு வயதில், படியேறினால் முழங்கால்கள் சத்தம் போட ஆரம்பித்த பிறகு, இமயமலைக்குப் போவதற்காக நான் ஒரு டூரிங் பைக் வாங்கினேன். அதோடு நிறுத்தியிருந்தால் வயசுக் கோளாறு என்று ஊர் மன்னித்து விட்டிருக்கும். அந்த பைக்கின் பின்னால் இழுத்துக்கொண்டு போக ஒரு டிரெய்லரும் செய்வித்தேன் என்பதைத்தான் இத்தனை நாள் எழுத்தில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

டிரெய்லர் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இரும்புச் சட்டம், அதன்மேல் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்கு ஒரு மூடி, கீழே பழைய ஸ்கூட்டர் சக்கரங்கள் இரண்டு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொக்கி. அரக்கோணத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தது. வெயிலில் சூடேறக் கூடாது என்று வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொன்னது என் அறிவு. அழகுக்கு ஓரத்தில் சிவப்புக் கோடு போடச் சொன்னதும் அதே அறிவுதான்.

யோசனை எங்கிருந்து வந்தது என்றால், செல்போனிலிருந்து. இந்தக் காலத்தில் முட்டாள்தனங்கள் வேறெங்கிருந்து வருகின்றன? ஒரு வெள்ளைக்காரன், பின்னால் மனைவி, அதற்கும் பின்னால் டிரெய்லர், அதில் கூடாரம், அடுப்பு, ஒரு நாய். பனிமலை அடிவாரத்தில் நிறுத்தி காபி போட்டுக் குடித்தான். எனக்கும் மனைவி இருந்தாள். மற்றதெல்லாம் வாங்கிக்கொள்ளக் கூடியவை என்று நினைத்தேன். அந்த மனைவி பின்னால் ஏறி உட்கார வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவள் இன்றுவரை ஏறவில்லை.

பைக் வாங்கியதும் ஒரு குழுவில் சேர்ந்தேன். தங்களை ரைடர் என்று சொல்லிக்கொள்ளும் நடுத்தர வயது ஆண்கள். வீட்டில் டம்ளரை எடுத்து வைக்காதவர்கள், ரோட்டில் சுதந்திரம் பற்றிப் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உடம்பெல்லாம் கவசம் மாட்டிக்கொண்டு, திருப்பதி ரோட்டில் கனகம்மாசத்திரம் வரை உறுமிக்கொண்டு போய், ஒரு டீ குடித்து, பைக்கோடு நின்று படமெடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த டீக்கடைக்கு மொபெட்டில் பால்கேன் கட்டிக்கொண்டு வருகிறவர் எங்களைவிட அதிக தூரம் ஓட்டிவிட்டு வந்திருப்பார். அவர் படமெடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. இந்தக் கூட்டத்தில் நான் மதிப்போடு இருந்தேன். காரணம், என்னிடம் மட்டும்தான் டிரெய்லர் இருந்தது.

இமயமலை தள்ளிக்கொண்டே போனது. டிரெய்லரில் நான் அதுவரை ஏற்றி வந்த மிகத் தொலைதூரச் சரக்கு, அரக்கோணம் மார்க்கெட்டிலிருந்து திருத்தணிக்குக் கொண்டுவந்த காலிஃப்ளவர். "காலிஃப்ளவருக்குத் தேரோட்டம்" என்று என் மனைவி பெயர் வைத்தாள். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். சிக்னலில் நின்றால் பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒரு பெண்மணி பெட்டியைத் தட்டி, "கப்பு எவ்ளோ? கோன் கீதா?" என்று கேட்பதை எப்படித் தாங்குவது? ஒருமுறை பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றுபோக, நாலாம் வகுப்பு மொத்தமும் என்னைச் சூழ்ந்துகொண்டது. ஐஸ் இல்லை என்று சொன்னதை அவர்கள் நம்பவில்லை. மூடியைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று.

இப்படி ஒரு பொருளை வாங்கிவிட்டவனுக்கு அதற்கு ஒரு நியாயம் தேவைப்படும். அந்த நேரம் பார்த்து என் தங்கை போன் செய்தாள்.

அவளைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்திருக்கிறோம். லுங்கி நெய்து விற்கும் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கும் தறிச் சத்தமும் சரிபாதி. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லாமல் இருந்து, அவளுடைய மாமியார் சொல்லக் கூடியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, ஒரு பையன் பிறந்தான். அந்தப் பையனுக்கு ஆவணியில் திருத்தணி மலைமேல் மொட்டையடித்துக் காது குத்துவது. தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில்தான் அவனை உட்கார வைத்துக் குத்த வேண்டும். என் சீர்த்தட்டுகள்தான் சபைக்கு வர வேண்டும்.

"அண்ணா, சீரைக் குட்டியானையில ஏத்தி அனுப்பிடு" என்றாள் தங்கை. "நீ பஸ்ல வந்தாகூடப் பரவால்ல. ஆனா ஆசாரி ஊசி எடுக்கறதுக்குள்ள தட்டு உள்ள வந்துடணும். எங்க மாமியாரு இப்பவே சொல்லிகினு கீறாங்க, உங்கண்ணன் எழுதறவரு, வெறுங்கையோட வந்து சிரிச்சினு நிப்பாருன்னு. அவங்க ஜனம் எல்லாம் வருது. அங்க என்னத் தல குனிஞ்சு நிக்க வெச்சிடாதண்ணா."

இதைவிடத் தெளிவாக யாரும் கேட்டிருக்க முடியாது. ஆனால் குட்டியானை என்ற சொல்லோடு என் காது மூடிக்கொண்டது. சீர் ஏற்ற வாடகை லாரியா? என் வாசலில் ஒரு டிரெய்லர் நிற்கும்போதா?

காது குத்து அன்று காலை மனைவி பட்டுப்புடவையோடு ஆட்டோவில் முன்னால் போய்விட்டாள். போகும்போது ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "வேட்டி எடுத்து வெச்சிருக்கேன், கட்டிகினு வாங்க." நான் கட்டவில்லை. பைக்கில் வேட்டியோடு போவது பாதுகாப்பு விதிகளுக்கு விரோதம் என்று குழுவில் படித்திருந்தேன். முழங்காலுக்கும் முழங்கைக்கும் பிளாஸ்டிக் கவசம் தைத்த உடுப்பை மாட்டிக்கொண்டேன். தட்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கினேன்: பழம், இனிப்பு, தேங்காய், பட்டுச்சட்டை, வெள்ளிக் கிண்ணம், வாழைத்தார். தங்கக் கம்மல் மட்டும் என் சட்டையின் உள்பையில். கொக்கியில் யாரும் கழற்றிக்கொண்டு போய்விடாதபடி பூட்டுப் போட்டேன். சாவியை ஆணியில் மாட்டினேன். ஆணி வீட்டுச் சுவரில் இருந்தது.

மலையடிவாரத்தில் வண்டிக்குச் சீட்டு கிழிக்கிறவர் என்னையும் பின்னால் இருப்பதையும் பார்த்தார்.

"டூ வீலரா சார்?"

"ஆமாம்."

"நாலு சக்கரம் கீதே."

"ரெண்டு இதோடது, ரெண்டு அதோடது."

"அப்ப ரெண்டு டூ வீலரா?" என்று யோசித்துவிட்டு, "மேல யாவாரம் பண்ணக் கூடாது சார், சொல்ட்டேன்" என்று விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள். மலைப் பாதையில் ஆட்டோ, வேன், கார், பஸ் என்று எறும்பு வரிசை. தேசத்தைக் குறுக்காகக் கடப்பதற்கென்று செய்யப்பட்ட என் பைக், பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் ஸ்கூட்டரில் பேசிக்கொண்டே ஏறும் மேட்டில் இருமிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் டிரெய்லர் தனக்கென்று ஒரு கருத்து வைத்திருந்தது. இருந்தாலும் மேலே வந்துவிட்டேன். காது குத்து நடக்கும் மண்டபத்தின் வாழைமரம்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டி நிறுத்தும் இடத்தின் வாயிலில் காவலாளி கையைக் காட்டினார்.

"டூ வீலரு அந்தப் பக்கம் சார். இங்க இல்ல. ரிவர்ஸ் எடுங்க."

பைக்குக்கு ரிவர்ஸ் கிடையாது. காலால் தள்ளித்தான் பின்னால் போக வேண்டும். பின்னால் டிரெய்லர் கட்டிய பைக்கைக் காலால் தள்ளினால் என்ன ஆகும் என்று அந்த வெள்ளைக்காரன் காட்டவே இல்லை. நான் இடது பக்கம் தள்ளினேன், பெட்டி வலது பக்கம் போனது. வலது பக்கம் தள்ளினேன், அது இன்னும் வலது பக்கம் போனது. கடைசியில் பைக்கும் பெட்டியும் மடங்கி, ரோட்டின் குறுக்கே மடக்குக் கத்தி மாதிரி நின்றன. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டது. அதற்குப் பின்னால் மலையடிவாரம் வரைக்கும் ஹாரன்.

"கொக்கிய கழட்டுய்யா!" என்றார் பஸ் டிரைவர்.

"பூட்டியிருக்கு."

"தொறயேன்."

"சாவி வீட்ல இருக்கு."

அவர் ஸ்டியரிங்கின்மேல் தலையை வைத்துக்கொண்டார். என்னைப் பற்றி என் மனைவி பல வருஷங்களாகச் சொல்லிவந்ததை அந்த மனிதர் ஒரு நொடியில் புரிந்துகொண்டார்.

சட்டைப்பையில் போன் துடித்தது. தங்கை. "எங்கண்ணா கீற? மொட்ட அடிச்சு முடிச்சாச்சு. ஆசாரி வந்து உக்காந்துகினாரு. அத்த வாசலையே பாத்துகினு கீறாங்க." குரலை அடக்கிப் பேசினாள். அழுவதற்கு முன்னால் அவள் அப்படித்தான் பேசுவாள், சின்ன வயசிலிருந்தே. "இதோ, வாசல்லயே இருக்கேன்" என்றேன். அது கிட்டத்தட்ட உண்மை என்பதுதான் கேவலம்.

பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கினார்கள். பக்தியால் அல்ல, எரிச்சலால். வேண்டுதல் முடிக்க வந்த குடும்பங்கள், தோளில் காவடி, கூடவே பம்பைக்காரர்கள். அவர்களில் பருத்த உடம்பு அம்மாள் ஒருவர் முன்னால் வந்து பெட்டியைப் பார்த்தார்.

"இன்னாத்துக்குய்யா சாமி மலையில ஐஸ் வண்டி?"

"ஐஸ் இல்லம்மா. சீரு."

"சீரா? இதுலயா?" என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி, "ஏய், மெய்யாலுமே சீருதான்டி!" என்று கூவினார். பார்க்கப் பத்துப் பேர் வந்தார்கள்.

பெட்டியைக் காலி செய்தால் வண்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். ஆளுக்கு ஒரு தட்டு எடுத்தார்கள். நான் நன்றி சொல்லி, "இப்படி ரோட்டோரமா வெச்சிடுங்க" என்றேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நான் இப்போதும் முழுதாக எழுதமாட்டேன். "அறிவு கீதாய்யா உனுக்கு? கொழந்த சீரு. சபையில எறக்காம தரையில வெப்பாங்களா?"

வெள்ளிக் கிண்ணத்தோடு நின்ற ஒருவர் குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார். யாரும் தட்டைக் கீழே வைக்கத் தயாராக இல்லை. தரையிலும் வைக்கக் கூடாது, பெட்டியிலும் திரும்ப வைக்க முடியாது, ஏனென்றால் டிரைவரும் கண்டக்டரும் நாலு பேருமாக அதை பைக்கோடு சேர்த்துத் தூக்கி, செத்த மாட்டைப் போலச் சுவரோரம் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். தட்டை எடுத்த பாவத்துக்கு அத்தனை பேரும் மண்டபம்வரை நடந்தே ஆக வேண்டும்.

"எந்த மண்டபம்? சீக்கிரம் காட்டு, எங்களுக்கும் மொட்ட அடிக்கற வேல கீது" என்றார் அந்த அம்மாள், வாழைத்தாரை இடுப்பில் வைத்துக்கொண்டு.

புறப்பட்டோம். தட்டு கிடைக்காதவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். காவடிக்காரர்களின் வழியும் அதுதான் என்பதால் அவர்களும் வந்தார்கள், அவர்களோடு பம்பையும். நான் ஹெல்மெட்டைப் பைக்கிலேயே விட்டுவிட்டு, மரப்பாச்சி மாதிரி முன்னால் நடந்தேன்.

மண்டப வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். பம்பைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவள் முகத்தில் ஓடியது சந்தோஷம்தானா என்று எனக்குத் தெரியவில்லை, பயமாகவும் இருக்கலாம். அவளுக்குப் பின்னால் மாமியார். வரிசை உள்ளே வந்துகொண்டே இருந்தது. மாமியாரின் வாய் மெல்லத் திறந்தது. "இவ்ளோ ஜனமா உங்கண்ணனுக்கு!" என்றார்.

தட்டுகள் சபையில் இறங்கின. ஆசாரி ஊசியை எடுத்தார். "மாமன் உக்காருப்பா" என்றார்கள். அப்போதுதான் அந்த உடுப்பின் கடைசி அருமை வெளிப்பட்டது. முழங்கால் கவசம் முழுதாக மடங்காது. பாயில் சம்மணம் போட முடியவில்லை, காலை நீட்டித்தான் உட்கார முடிந்தது. மடி என்று சொல்லும்படி எதுவும் உண்டாகவில்லை. மொட்டைத் தலையோடு வந்த மருமகன் என்னைப் பார்த்து, ஊசிக்கு முன்பே வீறிட்டான்.

தங்கையின் கணவர்தான் காப்பாற்றினார். "பாவா, இப்டி வாங்க" என்று மூலைக்கு இழுத்துப்போய், எதற்கோ கொண்டுவந்திருந்த சொந்தத் தயாரிப்பு லுங்கி ஒன்றைக் கையில் கொடுத்தார். கட்டம் போட்ட லுங்கி, மேலே கவசச் சட்டை. அந்தக் கோலத்தில் பட்டு உடுத்திய சபை நடுவே உட்கார்ந்தேன். மடி உண்டானது. பையன் உட்கார்ந்தான். கம்மல் ஏறியது. மாமியார், "ஏமி லேது நைனா, ஆயிபோயிந்தி" என்று, ஒன்றுமில்லை, முடிந்துவிட்டது என்று தெலுங்கில் தேற்றி, பேரனைத் தூக்கிக்கொண்டார். தட்டு தூக்கி வந்தவர்கள் எல்லாரையும் சம்பந்தி வீட்டு ஜனம் என்று பிடித்து உட்கார வைத்து இலை போட்டதும் அவர்தான். பருத்த அம்மாள் மறுக்கவில்லை. பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டு, "நல்ல குடும்பம்" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார்.

டிரெய்லரை மறுநாள் சாவியோடு போய்க் கழற்றி, ஒரு குட்டியானையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது அதில் என் மனைவி கொத்தமல்லி போட்டிருக்கிறாள். வெள்ளை பெயின்ட் சூடேறாமல் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறாள்.

அந்த வார முடிவில் தங்கை பேசினாள். குரல் முழுதாக வந்தது, அடக்கிப் பேசவில்லை. பொதட்டூர்பேட்டை முழுக்க மாமியார் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறாராம்: மருமகளின் அண்ணன் சீரோடு ஒரு தெரு ஜனமே வந்தது, பம்பை அடித்துக்கொண்டு வந்தது என்று. எனக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. எல்லாக் குழப்பத்துக்கும் அடியில் அந்த டிரெய்லர்தானே இதைச் செய்தது என்ற நினைப்பு. மெதுவாக, அக்கறை இல்லாதவன் மாதிரி, "வண்டியைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"எந்த வண்டி? நல்லவேள, அத அவங்க பாக்கல" என்றாள். "நீ பஸ்ல வந்தன்னு சொல்லிட்டேண்ணா. முட்டியில இன்னா கட்டிகினு கீறாருன்னு கேட்டாங்க, மூட்டு வலிக்கு டாக்டரு குடுத்ததுன்னு சொல்லிக்கீறேன். நீயும் அப்டியே சொல்லிடு."