பட்டறைச் சுவரில் ஒரு வெள்ளைக்காரர்

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டி லாரி பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். ஆறாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். பட்டறைச் சுவரில் சாமி படங்களோடு, ஆதியில் கார் என்ஜின் செய்த வெள்ளைக்காரர் ஒருவர் படமும் மாட்டியிருக்கும். ஆயுதபூஜைக்கு அவருக்கும் சந்தனப்பொட்டு உண்டு. “இவரும் என்னை மாதிரிதான், பள்ளிக்கூடத்தையே தாண்டலை” என்று வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிடுவேன்.

முதலாளி அண்ணாச்சியின் மகள் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கக் கேட்டாள். அண்ணாச்சி படத்தைக் காட்டினார். “அவியளே படிக்கலையாம். ஒனக்கு எதுக்குட்டி?”

அவள் என்னிடம் வந்தாள். “நெசமாண்ணே? எந்த புக்குல போட்டிருக்கு?”

எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. மறுநாள் நூலகத்தில் அவர் வாழ்க்கைக் குறிப்பைத் தேடி எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். மனுசர் என்ஜினியரிங் கல்லூரியிலேயே படித்திருக்கிறார்!

வேலை போனாலும் போகட்டும் என்று பட்டறைக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னேன். “அண்ணாச்சி, நான் சொன்னது பொய். அவிய காலேஜ் படிச்சவிய.”

“ஏலே, படிச்ச மனுசன ஒனக்குக் கூட்டாளி ஆக்கிட்டியேல!” என்றார் அவர்.

பட்டறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அண்ணாச்சி மகளைக் கூப்பிட்டார். “ஏட்டி, ஃபாரம் வாங்கிட்டு வா.”

படிக்காத எனக்குத் துணையாக ஒரு பெரிய மனுசர் தேவைப்பட்டார். அதற்காக அவர் படிப்பைப் பிடுங்கினேன். கூடவே ஒரு பெண்ணின் படிப்பும் போயிருக்கும் என்பது இப்போதும் உறுத்துகிறது.