இடது கால் தனியாக இறங்கிய ஞாயிறு

கல்கத்தா பக்கம் சாந்த்ராகாச்சியில் எங்கள் தமிழ்ச் சங்கத்து இசைக்குழுவில் நான்தான் ட்ரம்ஸ். தொழில் தையல், ஐந்தாம் வகுப்போடு மெஷினில் உட்கார்ந்தவன். நாலு பேர் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. ட்ரம்ஸ் எல்லோருக்கும் பின்னால் இருக்கும், அதனால்தான் துணிந்து கற்றுக்கொண்டேன்.

போன சித்திரை விழாவுக்கு ஒரு புதுப் பாட்டு எடுத்தோம். அதில் நாலு எண்ணுவதற்குள் வலது கால் பெரிய ட்ரம்மை ஒன்றிலும் மூன்றிலும் மிதிக்க வேண்டும். இடது கால், ஹை-ஹாட் என்கிற பித்தளை ஜோடித் தட்டுகளை ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே மூட வேண்டும். கைகளுக்கு வேறு வேலை. கைகள் சொன்னபடி கேட்டன. கால்கள்தான்! வலது இறங்கினால் இடதும் கூடவே இறங்கியது. இறங்காமல் என்ன செய்யும்? இத்தனை வருஷம் இரண்டும் தையல் மெஷினின் ஒரே மிதிபலகையில் கிடந்தவை.

கீபோர்டு வாசிப்பவர் ரயில்வே கிளார்க், என்னைவிடச் சின்னவர். "ஆரே அண்ணே, மனசுக்குள்ள எண்ணாதீங்க, வாய்விட்டு எண்ணுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். வரலேன்னா இந்தப் பாட்டுக்குத் தாள மெஷின்தான். நீங்க சும்மா உக்காந்திருங்க."

மேடையில், குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா!

அன்றிலிருந்து கடையில் வலது காலால் மட்டும் மெஷினை மிதித்தேன். இடது காலால் நடுநடுவே தரையைத் தட்டினேன். தையல் பாம்பு மாதிரி ஓடியது. தைத்த துணியை வாங்க வந்த, பௌதி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி, காலில் அடிபட்டுவிட்டதா என்று விசாரித்தார். "அடி எல்லாம் ஜாக்கெட்டுக்குத்தான்" என்றாள் என் மனைவி, கோணிப்போன ஜாக்கெட் கையின் தையலைப் பிரித்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் இரண்டு தடவை தடுமாறினேன். கிளார்க் தாள மெஷினைப் போட்டார்.

"இருங்க!" என்று கத்தினேன். அவ்வளவு பெரிய சத்தம் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. காது சுட்டது. ஆனால் வாய் திறந்துவிட்டது, இனி மூடி என்ன? "ஒண்ணு தி, ரெண்டு தி, மூணு தி, நாலு தி..." எண்ணுக்கு நடுவே விழுந்த ஒவ்வொரு தி-க்கும் இடது கால் தனியாக இறங்கியது! வலது கால் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கைகள் தம் வழியில் ஓடின. யாரோ நாலு பேர் எனக்குள் உட்கார்ந்து வாசிப்பது போலிருந்தது. பாடும் பெண் சிரிப்பில் தன் இடத்தையே விட்டுவிட்டாள்.

"பாடும்மா! நிறுத்தாதீங்க அண்ணே!" என்று கிளார்க் அலறினார்.

நிறுத்துவதா? பாட்டு முழுவதும், தொண்டை கட்டும் வரை எண்ணினேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கிளார்க் எழுந்து வந்து தாள மெஷினின் ப்ளக்கைப் பிடுங்கி, அந்த இடத்தில் மேசை ஃபேனைச் சொருகி என் பக்கம் திருப்பி வைத்தார்.